ஆறாம் ஆண்டிலா, ஒன்பதிலா, ஏ/எல்லிலா? வெளிச் செயற்பாடுகளை எப்போது தொடங்குவது

திருகோணமலை உவர்மலையில் வீட்டு விறாந்தையில் ஆங்கில வகுப்பு எடுக்கிறேன். வகுப்பு முடிந்து பிள்ளைகள் சைக்கிளை எடுக்கும் நேரத்தில் படலையடியில் அம்மாமார் பிடித்துக்கொள்வார்கள். போன மாதம் ஒரே கிழமையில் இரண்டு பேர்.

"ரீச்சர், இவன் இப்ப ஆறாம் ஆண்டு. சாரணர், கராத்தே, மிருதங்கம் மூண்டிலயும் சேர்த்து விட்டிருக்கிறன். கம்பசுக்குப் போகேக்க உதவும்தானே?"

"ரீச்சர், மகள் ஏ/எல். ஒண்டிலயும் இல்லை. வெளிநாட்டுக்கும் போட்டுப் பார்ப்பம் எண்டு யோசிக்கிறம். பிந்திப் போச்சோ?"

பாடசாலைக் கடிதங்களில் 'இணைப்பாடவிதானச் செயற்பாடு' என்று எழுதப்படும் விளையாட்டு, கலை, கழகம், தொண்டு எல்லாவற்றையும் எப்போது தொடங்குவது என்பதுதான் இருவருக்கும் கேள்வி. பிள்ளை எந்த வாசலால் பல்கலைக்கழகத்துக்குள் போகப்போகிறது என்று தெரியாமல் இதற்குப் பதில் சொன்னால் பிழைத்துவிடும். ஆகவே அளவுகோல்களை முதலில் பார்ப்போம்.

## எதை வைத்து அளப்பது

வாசல். அரச பல்கலைக்கழகம் என்றால் கதை சுருக்கம். உயர்தரத்தில் (ஏ/எல்) மூன்று பாடங்களுக்கும் வரும் இஸட் புள்ளிதான் (மற்றவர்களின் சராசரியோடு ஒப்பிட்டுக் கணக்கிடும் புள்ளி) எல்லாம். பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 வீத இடம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்ட ஒதுக்கீட்டுக்கு, 5 வீதம் கல்வியில் பின்தங்கியவை என்று பட்டியலிட்ட 16 மாவட்டங்களுக்கு. திருகோணமலையும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. இந்தக் கணக்கில் எந்த மூலையிலும் உதைபந்தாட்டத்துக்கோ பேச்சுப் போட்டிக்கோ புள்ளி கிடையாது. "வெட்டுப்புள்ளிக்குக் கொஞ்சம் குறைஞ்சால் சேட்டிபிக்கற்றைக் காட்டலாம்" என்று யாராவது சொன்னால் கேட்டுவிட்டு வாருங்கள், நம்பிவிடாதீர்கள்.

விதிவிலக்கு இரண்டு உண்டு. தேசிய, சர்வதேச மட்டத்தில் சாதித்தவர்களுக்கென்று மிகச் சிறிய விசேட ஒதுக்கீடு ஒன்று இருக்கிறது. அதற்கும் உயர்தரத்தில் குறைந்தபட்சத் தகைமை வேண்டும். மற்றது, சங்கீதம், நடனம், கட்புலக் கலை, கட்டடக்கலை போன்ற கற்கைநெறிகள். இவற்றுக்கு இஸட் புள்ளியோடு உளச்சார்புப் பரீட்சையோ செயன்முறைப் பரீட்சையோ இருக்கும். மட்டக்களப்பு கல்லடியில் இருக்கும் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் நடனம் படிக்க ஆசைப்படும் பிள்ளை, ஏ/எல் எடுத்துவிட்டுத் தட்டடவு பழகத் தொடங்க முடியாது.

வெளிநாடு என்றாலும் நாட்டுக்கு நாடு வித்தியாசம். அமெரிக்காவில் நிறையப் பல்கலைக்கழகங்கள் ஏற்றுக்கொள்ளும் 'கொமன் அப்ளிகேஷன்' விண்ணப்பத்தில் செயற்பாடுகளுக்கு 10 இடம் இருக்கும். ஒவ்வொன்றிலும் எந்த வகுப்பில் செய்தாய், கிழமைக்கு எத்தனை மணித்தியாலம், வருடத்தில் எத்தனை கிழமை என்று கேட்பார்கள். வகுப்புப் பெட்டி ஒன்பதில்தான் தொடங்கும். பிரித்தானியாவில் கதை வேறு. 2026 அனுமதியிலிருந்து அங்கே தன்விளக்கக் கட்டுரையை மூன்று கேள்விகளாகப் பிரித்துவிட்டார்கள், மொத்தம் 4000 எழுத்து. மூன்றும் சுற்றிச் சுற்றி 'இந்தப் பாடத்துக்கு நீ எப்படித் தயாரானாய்' என்பதற்கே வரும். பொறியியலுக்குப் போடும் பிள்ளையின் வலைப்பந்துக் கிண்ணத்துக்கு அங்கே பெரிய வேலை இல்லை. அவுஸ்திரேலியாவில் பெரும்பாலும் பெறுபேறுதான் பேசும்.

அந்தச் செயற்பாட்டின் சொந்தக் கடிகாரம். இதைத்தான் பலர் தவற விடுகிறார்கள். பாடசாலை மெய்வல்லுநர் போட்டிகள் 12, 14, 16, 18, 20 வயதுக்குட்பட்டோர் என்று பிரிந்திருக்கும். சாரணியத்தில் ஜனாதிபதி விருதைப் பதினெட்டு வயதுக்குள் முடித்தாக வேண்டும். வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சை தரம் தரமாக ஏறும், ஆசிரியர் தரம் தாண்டினால்தான் கலாவித்தகர் பட்டம். இடையில் பாய முடியாது. எடின்பரோ கோமகன் விருது இதற்கு நேர்மாறு. 14 வயதுக்கு முதல் தொடங்கவே விடமாட்டார்கள், ஆனால் 24 வரை நேரம் இருக்கிறது.

பரீட்சை. பதினோராம் தரத்தில் ஓ/எல் (சாதாரண தரப் பரீட்சை), பதின்மூன்றில் ஏ/எல். இரண்டுக்கும் முந்திய ஆறு மாதத்தில் எந்தப் பிள்ளையும் எதையும் ஒழுங்காகச் செய்வதில்லை. இதை முதலே ஒப்புக்கொண்டு கணக்குப் போடுவது நல்லது.

செலவு. காசு, நேரம், பஸ். மூன்றாவதுதான் எங்கள் ஊரில் பெரிசு.

சாட்சி. என் மகனின் கதையைச் சொல்கிறேன். ஏழாம் ஆண்டிலிருந்து நான்கு வருடம் சாரணனாக இருந்தான். பொறுப்பாசிரியர் இடமாற்றமாகிப் போனார். எடுத்த சின்னங்களைப் பதிந்த புத்தகம் அலுமாரியோடு எங்கேயோ போய்விட்டது. ஒரு கடிதம் வேண்டும் என்று பாடசாலைக்குப் போனபோது, பதிவில் இல்லாததைத் தாங்கள் எழுத முடியாது என்றார்கள். நான்கு வருடமும் கழுத்துப் பட்டியாக மட்டும் வீட்டில் தொங்குகிறது.

## ஆறாம், ஏழாம் ஆண்டிலேயே தொடங்குவது

நடனம், சங்கீதம், வாத்தியம், நீச்சல், சதுரங்கம் இவற்றுக்கு இதுதான் சரியான வயது. சொல்லப்போனால் நடனத்துக்கு இதுவே கொஞ்சம் பிந்தியது. உடம்பும் விரலும் வளைய வருடம் வேண்டும். இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. ஓ/எல்லில் அழகியல் பாடமாகக் கர்நாடக சங்கீதத்தையோ நடனத்தையோ எடுத்தால், பழகிய பழக்கமே ஒரு பாடத்தைத் தூக்கிக் கொடுத்துவிடும். அப்படி வரும் ஏ சித்திக்குத் தனி ரியூசன் காசு கட்டத் தேவையில்லை.

மறைந்திருக்கும் செலவு, பிள்ளை களைத்துப்போவது. மூன்று இடத்தில் சேர்த்த பிள்ளை ஒன்பதாம் ஆண்டு வரும்போது மூன்றையும் விட்டிருக்கும். கணக்கு எடுக்கத் தொடங்கும் வயதில் கையில் ஒன்றும் இருக்காது. ஆறாம் ஆண்டுச் சான்றிதழை விண்ணப்பம் கேட்பதுமில்லை. நடனம் என்றால் அரங்கேற்றம் என்ற ஒன்று கடைசியில் காத்திருக்கிறது. பக்கவாத்தியம், உடுப்பு, மண்டபம், சாப்பாடு எல்லாம் சேர்த்தால் ஒரு சின்னக் கலியாணம். பட்டத்துக்கு அரங்கேற்றம் கட்டாயம் என்று நினைத்துக் கடன் பட்டவர்களை எனக்குத் தெரியும். கட்டாயம் இல்லை. பரீட்சைத் தரங்களை ஒழுங்காக முடித்த பிள்ளைக்கு அதுவே போதும்.

பிள்ளைக்கு அதில் உண்மையான ஆசை இருந்தாலோ, அழகியல் கற்கைநெறி ஒரு வாசலாகக் கண்ணுக்குத் தெரிந்தாலோ இந்த வழி நல்லது. 'கம்பசுக்கு உதவும்' என்ற ஒரே காரணத்துக்காகவென்றால், அரச பல்கலைக்கழகக் கணக்கில் கராத்தே வகுப்புச் சம்பளம் தண்ணீரில் போட்ட காசு. உடம்புக்கு நல்லது, அதற்காகப் போகட்டும்.

## எட்டு, ஒன்பதில் தொடங்குவது

பெரும்பாலான பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதைத்தான். ஓ/எல்லுக்கு இன்னும் இரண்டு, மூன்று வருடம் இருக்கிறது. பிள்ளைக்குத் தனக்கு எது பிடிக்கும் என்று சொல்லத் தெரியும், அம்மா இழுத்துக்கொண்டு போகும் வயது முடிந்துவிட்டது. வெளிநாட்டு விண்ணப்பம் எண்ணத் தொடங்குவதும் இங்கேதான். 14 வயதில் எடின்பரோ வெண்கலத்தைத் தொடங்கினால் குறைந்தது 6 மாதம். அதன் பிறகு வெள்ளிக்கு இன்னொரு 6 மாதம், தங்கத்துக்கு 12 மாதம். தங்கத்தைத் தொடங்க 16 வயது ஆக வேண்டும். ஓ/எல் நேரத்தில் இடைவெளி விட்டாலும் உயர்தரத்துக்குள் முடித்துவிடலாம். நேரடியாகத் தங்கத்தில் ஏறினால் 18 மாதம் பிடிக்கும். அது ஏ/எல்லின் நடுமுதுகில் போய் விழும்.

ஆனால் ஒன்பதில் தொடங்குகிற பிள்ளை ஓட்டப் போட்டியில் அகில இலங்கை மட்டம் போகும் என்று எதிர்பார்க்காதீர்கள். எதிரே ஓடுபவர்கள் ஆறாம் ஆண்டிலிருந்து ஓடுகிறார்கள். அணி விளையாட்டில் இடம் கிடைக்கும். தமிழ்த்தினப் போட்டி, விவாதம், விஞ்ஞானக் கழகம், இன்டராக்ட், லியோ (ரோட்டரி, லயன்ஸ் கழகங்களின் மாணவர் கிளைகள்) போன்றவற்றில் இந்த வயதில் சேர்ந்தவர்கள்தான் பன்னிரண்டில் தலைவராகிறார்கள்.

செலவு இங்கே பஸ்தான். ஏகாம்பரம் மைதானத்தில் பயிற்சி முடிய ஐந்தரை, ஆறாகும். உவர்மலைப் பிள்ளை நடந்தே வீட்டுக்குப் போகும். மூதூர்ப் பிள்ளைக்குக் கிண்ணியாப் பாலம் தாண்டி வீடு சேர இருட்டிவிடும். அது பொம்பிளைப் பிள்ளை என்றால் அப்பாவோ மாமாவோ மோட்டார் சைக்கிளில் வர வேண்டும், அவருடைய அரை நாள் உழைப்பு போகும். குச்சவெளி, புல்மோட்டைப் பக்கம் இன்னும் மோசம். மாகாணப் போட்டி மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ வந்தால் இரண்டு நாள் தங்க வேண்டும். கொழும்பு என்றால் இரவு ரயில். இதையெல்லாம் பாடசாலை தரும் என்று நினைத்திருப்போம், பாதிதான் வரும். கார்த்திகை, மார்கழியில் மழைக்கு மைதானமே குளமாகக் கிடக்கும் என்பதால் வெளிக்கள விளையாட்டில் வருடம் பன்னிரண்டு மாதம் பயிற்சி என்று கணக்குப் போடுவதும் பிழை. ஊர்ப் பிள்ளைகளுக்கு நான் சொல்வது, டவுனுக்கு வந்து செய்யும் ஒன்றை விட வீட்டருகில் செய்யும் ஒன்றைத் தெரிவு செய்யுங்கள் என்று. விண்ணப்பத்தில் ஊர்ப்பெயர் வித்தியாசமாக எண்ணப்படாது, வருடக் கணக்குத்தான் எண்ணப்படும்.

ஒரு இடைச்செருகல். சிங்களம் பேசப் பழகும் சந்தர்ப்பம் உள்ள கழகமோ முகாமோ கிடைத்தால் அதை முதலில் எடுங்கள். மொரட்டுவையிலோ பேராதனையிலோ விடுதியில் முதல் மாதம் சமாளிக்க எந்தச் சான்றிதழையும் விட அது உதவும்.

## ஓ/எல் முடிந்த கையோடு, அல்லது பன்னிரண்டில்

ஓ/எல் முடிந்தால் நிறைய நேரம் இருக்கும் என்று எல்லோரும் நினைப்பார்கள். பரீட்சை முடிந்த மறு கிழமையே உயர்தர ரியூசன் தொடங்கிவிடும். விஞ்ஞானம், கணிதம் எடுக்கும் பிள்ளைக்குச் சனி, ஞாயிறு காலை ஏழிலிருந்து இரவு வரை வகுப்பு. இந்த வயதில் புதிதாக ஐந்து கழகத்தில் சேர்வது பார்ப்பவருக்கும் தெரிந்துவிடும், கடைசி நேரத்தில் பையை நிரப்பியது போல.

ஆனால் 'ஒண்டிலயும் இல்லை' என்று அம்மா சொன்னால் அதை அப்படியே நம்பவும் கூடாது. அந்த ஏ/எல் பிள்ளையை ஒரு பின்னேரம் கூப்பிட்டு இருத்தினேன். ஒரு மண்ணிறக் கோவை கொண்டுவந்தாள். உள்ளே 31 சான்றிதழ், பாதிக்கு மேல் 'பங்குபற்றியமைக்காக', எல்லாம் எட்டாம் ஆண்டுக்கு முந்தியவை. மேசையின் ஒரு பக்கம் அடுக்கி வைத்தோம்.

"ஞாயிற்றுக்கிழமை காலையில எங்க போறனீ?"

"கோயிலில அறநெறி வகுப்பு, ரீச்சர்."

"இன்னும் படிக்கிறியோ?"

"இல்லை, சின்னப் பிள்ளையளுக்கு நான்தான் தேவாரம் சொல்லிக் குடுக்கிறன். எழுதத் தெரியாததுகளுக்கு எழுத்தும். அது சும்மா, ரீச்சர்."

எப்போதிருந்து என்று கேட்டேன். ஒன்பதாம் ஆண்டிலிருந்து. சுவரில் தொங்கிய நாட்காட்டியை எடுத்து வைத்துக்கொண்டு எண்ணினாள். திருவிழாக் கிழமை, பரீட்சை, மழையில் யாரும் வராத நாட்களைக் கழித்தால் வருடத்துக்கு 38 கிழமை, கிழமைக்கு இரண்டரை மணித்தியாலம். நான்கு வருடம். 31 சான்றிதழையும் விட அந்த ஒரு வரி கனம். அதை எழுத கொமன் அப்ளிகேஷன் படிவம் தரும் இடம் ஆங்கிலத்தில் 150 எழுத்து, ஒரு எஸ்.எம்.எஸ்ஸை விடச் சின்னது. எத்தனை பிள்ளைகள், என்ன சொல்லிக் கொடுத்தாள் என்று இரண்டை மட்டும் எழுதவே அது நிரம்பிவிட்டது.

வீட்டுப் பொறுப்புக்கும் சம்பள வேலைக்கும் கூட அந்தப் பட்டியலில் தனி வகை இருக்கிறது. நிலாவெளியில் அப்பாவின் படகில் புறாத்தீவுக்கு ஆட்களைக் கூட்டிப்போகும் பையன், சீசன் முழுக்கக் கணக்குப் புத்தகம் எழுதுகிறான், வெள்ளைக்காரரோடு ஆங்கிலம் பேசுகிறான். அதுவும் செயற்பாடுதான். எங்கள் பிள்ளைகள் வெட்கப்பட்டு மறைப்பது பெரும்பாலும் இதைத்தான்.

ஆகவே பன்னிரண்டில் நிற்கும் பிள்ளைக்கு: முதலில் ஏற்கெனவே செய்வதைத் தேடிப் பிடியுங்கள். ஒன்றும் இல்லையென்றால், எடுக்கும் பாடத்தோடு ஒட்டிய ஒன்றே ஒன்று. உயிரியல் பிள்ளை கரையோரக் கண்டலில் பறவை எண்ணிக் குறிப்பெழுதலாம். பிரித்தானிய விண்ணப்பத்துக்கு இது நன்றாகவே பொருந்தும். அரச பல்கலைக்கழகம் மட்டும்தான் நோக்கம் என்றால் புதிதாக ஒன்றும் வேண்டாம், பிள்ளையை நிம்மதியாகப் படிக்க விடுங்கள்.

## ஏ/எல் எழுதிய பிறகு

இதை யாரும் ஒரு தெரிவாகவே எண்ணுவதில்லை. பரீட்சை எழுதிப் பல்கலைக்கழக வாசலில் கால் வைக்க ஒரு வருடத்துக்குக் கிட்ட ஆகிவிடும், சில வேளை அதற்கு மேலும். நல்ல நீளமான காலம். எடின்பரோ விருதுக்கு வயது இருக்கிறது, ஆங்கிலம், கணினி, சிங்களம் எல்லாவற்றுக்கும் நேரம் இருக்கிறது. வெளிநாட்டு விண்ணப்பத்திலும் பள்ளி முடித்த பிறகு செய்ததைக் குறிக்கப் பெட்டி உண்டு. மறைந்திருக்கும் செலவு, பாடசாலையின் நிழல் இல்லாமல் போவது. ஆசிரியர் இல்லை, மைதானம் இல்லை, கடிதம் எழுத ஆள் இல்லை. பெடியன்கள் இந்த வருடத்தைக் கடற்கரையில் கழித்துவிடுவார்கள் என்ற பயமும் நியாயமானது.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| தொடக்கம் | நல்லாய்ப் பொருந்துவது | மறைந்த செலவு | அரச பல்கலைக்கழகத்துக்கு | வெளிநாட்டுக்கு |
|---|---|---|---|---|
| தரம் 6–7 | நடனம், சங்கீதம், மெய்வல்லுநர் | களைப்பு, அரங்கேற்றம் | அழகியல் கற்கைநெறிக்கு மட்டும் பலன் | ஒன்பதிலும் தொடர்ந்தால்தான் பலன் |
| தரம் 8–9 | சாரணர், விவாதம், கழகம், எடின்பரோ | பஸ், துணைக்கு வருபவரின் உழைப்பு | புள்ளி இல்லை | மிகப் பலன் |
| ஓ/எல் பின், 12 | பாடத்தோடு ஒட்டிய ஒன்று, தொண்டு | ரியூசனோடு மோதல் | இஸட் புள்ளியைக் குறைக்கலாம் | ஒன்றை ஆழமாகச் செய்தால் பலன் |
| ஏ/எல் பின் | மொழி, வேலை, விருதின் மிச்சம் | சாட்சி சொல்ல ஆளில்லை | அனுமதிக்கு உதவாது, உள்ளே போனபின் உதவும் | பிந்தி விண்ணப்பிப்பவருக்குப் பலன் |

எந்த வரியில் நின்றாலும் ஒரு சீ.ஆர். கொப்பி (தடித்த மட்டை போட்ட கொப்பி) வாங்குங்கள். திகதி, இடம், செய்த மணித்தியாலம், பொறுப்பாசிரியர் கையெழுத்து. வருடக் கடைசியில் அதிபரிடம் காட்டி ஒரு கடிதமும் எடுத்து வையுங்கள், ஆசிரியர்கள் இடமாற்றமாவதற்கு முதல். மூலப் பிரதியை ஒருபோதும் யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள்.

ஆறாம் ஆண்டுப் பையனின் அம்மா போன வெள்ளி வந்தா. கராத்தேயை நிறுத்திவிட்டாவாம். மிருதங்கத்தை நிறுத்தத்தான் மகன் விடவில்லை, மேசை, கதிரை, சோற்றுக்கோப்பை எல்லாவற்றிலும் தட்டிக்கொண்டு திரிகிறானாம். "அப்ப அதை விடாதேங்கோ" என்றேன். சாரணருக்குப் பதினோராம் வயது முடியட்டும் என்று அவவே சொன்னா. படலையைச் சாத்தும்போது, அந்தக் கொப்பி எந்தக் கடையில் வாங்கலாம் என்று கேட்டுவிட்டுப் போனா.